தமிழ் பேசத் தெரிந்தும் சென்னையில் தடுமாறுகிறேன்; அம்மாவைக் காசிக்கு ரயிலில் அழைத்துச் செல்ல வழி சொல்லுங்கள்

கிந்தா ஆற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். என் தாத்தா மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் போய்க் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவியவர். நான் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தேன், வீட்டிலும் தமிழ்தான். ஆகவே கடந்த ஜூலையில் வேலை விசாவில் சென்னைக்கு வந்தபோது, அதே வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த கொரியரையும் பிரெஞ்சுக்காரரையும்விட எனக்கு எல்லாம் எளிதாக அமையும் என்று நம்பினேன்.

நான்கு மாதம் கழிந்த பிறகு பார்த்தால் அவர்களுக்குத்தான் எளிதாக இருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிவதால், யாராவது ஒருவர் கூடவே வந்து சொல்லிக்கொடுக்கிறார். என் முகமும் பேச்சும் என்னை இந்த ஊர்க்காரியாகக் காட்டிவிடுவதால், எனக்கு எல்லாம் தெரியும் என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சந்தேகம் கேட்டால், இது கூடவா தெரியாது என்று வியப்போடு பார்க்கிறார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து நானும் பல இடங்களில் கேட்காமலே இருந்துவிட்டேன். அதனால் பட்டவற்றைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

வெளிநாட்டவர் பதிவை அலுவலகமே பதினான்கு நாள்களுக்குள் இணையத்தில் முடித்துக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் சுழல். வீட்டு ஒப்பந்தம் இல்லாமல் முகவரிச் சான்று இல்லை. முகவரிச் சான்றும் பான் அட்டையும் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. வங்கிக் கணக்கு இல்லாமல் வீட்டுக்காரருக்கு முன்பணம் அனுப்ப வழியில்லை. ஆறு வாரம் வெறும் ரொக்கத்தில் வாழ்ந்தேன். கொத்தமல்லிக் கட்டு விற்பவர்கூடக் கைப்பேசியில் பணம் வாங்கும் ஊரில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பதை இங்கே வந்தவர்கள் அறிவார்கள். வேளச்சேரியில் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா, சில்லறை இல்லை என்றதும் என் கையிலிருந்த தாளை மடித்து என் பையிலேயே திரும்பச் செருகி, "நாளைக்குக் குடும்மா, எங்க போயிடப் போற" என்றார். முப்பத்தைந்து ரூபாய்க் கடன். வந்து ஐந்தாவது நாள். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

வீடு தேடியது வேறு விதமான அனுபவம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டவர் ஒருவர். மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று இங்கே சட்டமே இருப்பதைப் பிறகுதான் படித்தேன். இன்னொருவர், "சொந்த ஊர் எது?" என்று தொடங்கினார். ஈப்போ என்றேன். "அது இல்லை, உங்கள் பூர்வீகம்?" என்றார். ஊரைச் சொன்னதும், அந்த ஊரில் எந்தத் தெரு என்றார். அவர் எதை அறிய விரும்புகிறார் என்று எனக்கு விளங்கவே சற்று நேரம் பிடித்தது. விளங்கியபோது, தாத்தா ஏன் கடைசிவரை ஊருக்குத் திரும்பவில்லை என்பதும் சேர்த்து விளங்கியதுபோல் இருந்தது. அந்த வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது இருக்கும் வீட்டின் உரிமையாளர் அம்மா என்னிடம் கேட்டதெல்லாம், இரவு எத்தனை மணிக்கு வருவாய், கேட்டைப் பூட்டத் தெரியுமா என்ற இரண்டே கேள்விகள்.

அவரிடமும் ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. முதல் நாள் காலையில் படியில் எதிர்ப்பட்டவரிடம், எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டேன். காலை உணவு ஆயிற்றா என்பதுதான் அதற்கு எங்கள் ஊரில் பொருள். அவர் திகைத்து நின்று, "ஏம்மா, பசிக்குதா உனக்கு?" என்று கேட்டு, நான் விளக்குவதற்குள் உள்ளே போய் நான்கு தோசையை வார்த்துக்கொண்டு வந்துவிட்டார். என் தாய்மொழியில் நான் கேட்ட ஒரு நலம் விசாரிப்பு, இங்கே பசியென்று கையேந்தியதாகப் போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்து அன்று மாலைவரை மனம் சரியாகவில்லை.

இனி ரயில். எங்கள் நாட்டில் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஈ.டி.எஸ். வண்டியில் போவேன். அங்கே டிக்கெட் என்றால் ஓர் இருக்கை, எண் அச்சிட்டிருக்கும், அதில் போய் உட்கார வேண்டியதுதான். தாத்தாவின் ஊரைப் பார்க்க செப்டம்பரில் மன்னை எக்ஸ்பிரஸில் பதிவு செய்தபோது 'ஆர்.ஏ.சி.' என்று வந்தது. அது பெட்டியின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். தாம்பரத்தில் ஏறி என் எண்ணைத் தேடிப் போனால், நடைபாதையோரக் கீழ்ப் படுக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி கால் நீட்டி அமர்ந்திருந்தார். அவர் சீட்டிலும் அதே எண். நான் பதறிப்போய்ப் பரிசோதகரைத் தேட எழுந்தேன். பாட்டி என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, பாதிப் படுக்கைதான் ஆளுக்கு, வராதவர் யாராவது இருந்தால் ஒருத்திக்கு முழுசாகக் கிடைக்கும், அதுவரை கதை பேசிக்கொண்டு போவோம் என்று சொன்னார். விழுப்புரம் தாண்டியதும் பரிசோதகர் வந்து வேறொரு படுக்கையைத் தந்தார். அது மேல் படுக்கையாக இருந்ததால், அதில் நான் ஏறிக்கொண்டேன். காலையில் இறங்குமுன் பாட்டி தம் எண்ணைக் கொடுத்து, ஊரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். போனேன்.

இப்போது என் கேள்வி. அம்மாவுக்கு வயது 67. டிசம்பர் இறுதியில் இரண்டு வாரம் என்னிடம் வந்து தங்க நினைக்கிறார். அவருக்குக் காசிக்குப் போக வேண்டும், அதுவும் ரயிலில்தான் போக வேண்டும். தாத்தா தம் தாயைக் காசிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுக் கப்பலேறியவர். ஆகவே விமானம் பற்றிப் பேசினால் அம்மா காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரு டிக்கெட்டைப் புரிந்துகொள்ளாமல் ஏறிய நான், வயதான அம்மாவை அவ்வளவு தூரம் நம்பி அழைத்துப் போகலாமா? எப்படிப் பதிவு செய்வது? டிசம்பர் ஏற்ற காலம்தானா? இவற்றோடு இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன்: தெரியாததைத் தெரியாது என்று கூசாமல் கேட்க நீங்களெல்லாம் எப்படிப் பழகினீர்கள்?

தண்டவாளத் தோழன் எழுதியது:

வாருங்கள் அம்மா. முன்பதிவுக் கவுன்டரின் கண்ணாடிக்குப் பின்னால் முப்பத்தொரு ஆண்டு உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். கண்ணாடிக்கு முன்னால் வந்து ஆர்.ஏ.சி. என்றால் என்ன என்று கேட்டவர்களில் பாதிப்பேர் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். ஆகவே உங்களுக்குத் தெரியவில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பாட்டி உங்களுக்குச் சொன்ன விளக்கம் எங்கள் கையேட்டில் இருப்பதைவிடத் தெளிவானது.

சீட்டில் மூன்று நிலை உண்டு. உறுதியானது என்றால் படுக்கை உங்களுக்கே. ஆர்.ஏ.சி. என்றால் வண்டியில் ஏறலாம், பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இருவராக உட்காரலாம். காத்திருப்போர் பட்டியல் என்றால் முன்பதிவுப் பெட்டியில் ஏறவே கூடாது. இணையத்தில் எடுத்ததாக இருந்தால், பட்டியல் இறுதியானதும் அது தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அம்மாவை அழைத்துக்கொண்டு போகும்போது உறுதியான சீட்டைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்காதீர்கள்.

சென்னை சென்ட்ரலிலிருந்து காசி வழியாகச் சாப்ரா போகும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் வாரம் இருமுறை ஓடுகிறது. இரண்டு இரவுகள் வண்டியில் கழியும். விசயவாடா, இட்டார்சி, ஜபல்பூர் என்று நாட்டின் குறுக்கே நெடுகப் போகும் பாதை அது. உங்கள் அம்மா ரயிலில்தான் போக வேண்டும் என்பது வெறும் பிடிவாதமாக எனக்குத் தோன்றவில்லை. நிலம் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறுவதையும், பெட்டியில் கேட்கும் பேச்சு தமிழிலிருந்து தெலுங்காகி, இந்தியாக மாறுவதையும் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனால்தான் காசி எவ்வளவு தொலைவு என்பது உடம்புக்குத் தெரியும்.

பதிவுக்கு வருகிறேன். பயண நாளுக்கு அறுபது நாள் முன்பு காலை எட்டு மணிக்குத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன்பு இது நூற்றிருபது நாளாக இருந்தது, பழைய வலைப்பக்கங்களைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். 2025 அக்டோபரிலிருந்து, இணையத்தில் பதிவு திறந்ததும் முதலில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே இடம் கொடுக்கிறார்கள். கடைசி நேரப் பதிவான தட்காலுக்கும் இணையத்தில் ஆதார் வேண்டும். உங்களிடம் ஆதார் இருக்காது. ஆகையால் கணினி முன் உட்கார்ந்து நேரத்தை வீணாக்காமல், அருகிலுள்ள முன்பதிவு மையத்துக்கு ஏழு மணிக்கே போய் வரிசையில் நில்லுங்கள். கவுன்டருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. படிவத்தை முன்னதாகவே வாங்கி நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கட்டும். வண்டியில் அசல் கடப்பிதழைக் காட்டினால் போதும், அது செல்லுபடியாகும் அடையாளச் சான்றுதான். சுற்றுலா விசாவில் வருபவர்களுக்குத் தனி ஒதுக்கீடு ஒன்று உண்டு. அதில் ஓராண்டுக்கு முன்பே பதியலாம். ஆனால் அது எல்லா வண்டிகளிலும் இருப்பதில்லை. அம்மாவின் கடப்பிதழ் நகலைக் காட்டிக் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

எந்த வகுப்பு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதுதான் முக்கியம். மூன்றடுக்கில் பகலில் நடுப் படுக்கையை மடக்கினால்தான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார முடியும். இரண்டடுக்கு ஏ.சி.யில் அந்தத் தொல்லை இல்லை, திரைச்சீலையும் உண்டு. நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கென்று கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அந்த வயதுக்குள் வராத நீங்களும் அதே சீட்டில் சேர்ந்தால் அந்த ஒதுக்கீடு கைக்கு வராது. சாதாரண ஒதுக்கீட்டில் கீழ்ப் படுக்கை கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அம்மாவுக்குத் தனிச் சீட்டு, உங்களுக்குத் தனிச் சீட்டு என்று எடுத்து, ஒரே பெட்டியில் இடம் கேளுங்கள். ஏறிய பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்ளலாம். வயதான தாயோடு வந்திருக்கிறேன் என்று சொன்னால் மேல் படுக்கைக்கு மாறிக்கொள்ள ஒருவராவது முன்வருவார். என் பணிக்காலத்தில் நான் பார்த்தவரை, அப்படிக் கேட்டு இல்லை என்ற பதில் வந்தது அரிது.

உணவுக்கு முதல் நாள் முழுவதும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, அடுத்த வேளைக்குப் புளிசாதம். பெட்டியைப் படுக்கைக்கு அடியில் உள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். ஏதாவது சிக்கல் என்றால் 139.

காயல் காற்று எழுதியது:

சகோதரி, உங்கள் பதிவில் 'பசியாறிட்டீங்களா' என்ற சொல்லைப் படித்ததும் எழுந்து போய் என் உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாங்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். எங்கள் வீடுகளில் இன்றும் காலை உணவுக்குப் பசியாறுதல் என்றுதான் பெயர். "பசியாற என்ன செய்யட்டும்?" என்று உம்மா கேட்காத காலை கிடையாது. கல்லூரிக்குச் சென்னை வந்தபோது விடுதியில் நான் இதைச் சொல்லி, மற்றவர்கள் சிரித்து, பிறகு நானும் 'டிபன்' என்று சொல்லப் பழகிக்கொண்டேன்; அந்த இழப்பு இப்போதுதான் உறைக்கிறது. எங்கள் கடற்கரையிலிருந்து வணிகத்துக்கும் வேலைக்கும் உங்கள் பக்கத்துத் துறைமுகங்களுக்குப் போனவர்கள் ஏராளம். உங்கள் வாயில் வந்தது இந்த மண்ணுக்கு அந்நியமான சொல் அன்று. இந்த மண்ணின் ஒரு பகுதியில் உயிரோடு இருக்கும் சொல்தான். வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் அதை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

வடமராட்சி வேம்பு எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து பிரித்தானியக் குடியுரிமை பெற்றவன். மனைவியின் ஊர் சென்னை என்பதால் ஏழு ஆண்டுகளாக இங்கே குடியிருக்கிறேன். பேசலாமா என்ற பொருளில் 'கதைக்கலாமா' என்று கேட்டால் கதை சொல்லப் போகிறேன் என்று எதிரில் உட்கார்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆகவே உங்கள் தோசைக் கதை எனக்கு முழுமையாக விளங்குகிறது.

தாள் வேலைகளைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, இங்கே நூற்றெண்பத்திரண்டு நாள்கள் தங்கிவிட்டால் வெளிநாட்டவரும் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். ஜூலையில் வந்த உங்களுக்கு ஜனவரியில் அந்தத் தகுதி வந்துவிடும். வந்த மறுநாளே போய்ப் பதிந்துகொள்ளுங்கள், பாதிச் சுழல் அதோடு முடியும். வீட்டு ஒப்பந்தத்தை எடுத்தவுடன், வெளிநாட்டவர் தங்கியிருப்பதாக வீட்டுக்காரர் இணையத்தில் தெரிவிக்க வேண்டிய படிவத்தை, எல்லாரும் 'சி படிவம்' என்று சொல்லிவந்ததை, நிரப்பியிருக்கிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு இப்படி ஒரு கடமை இருப்பதே தெரியாது. விசா நீட்டிப்புக்குப் போகும்போதுதான் அது இல்லை என்று தெரிய வரும். எனக்கு நேர்ந்தது அதுதான். நான்கு நாள் அலைந்தேன்.

இரண்டாவது, நீங்கள் ஏன் வேலை விசாவோடு நிற்கிறீர்கள்? உங்கள் தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்றால், 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவரின் பேத்தி என்ற அடிப்படையில், வெளிநாட்டிலுள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்வரை அந்த உரிமை உண்டு. அது கையில் இருந்தால் பதிவு, நீட்டிப்பு என்று எதுவும் வேண்டாம். வாக்களிக்கவும் வேளாண் நிலம் வாங்கவும் முடியாது என்பது போன்ற சில கட்டுப்பாடுகள் உண்டு. சிரமம் என்னவென்றால், சான்று. தாத்தாவுக்கும் அம்மாவுக்கும், அம்மாவுக்கும் உங்களுக்கும் உள்ள உறவைத் தாளில் சங்கிலிபோல் காட்ட வேண்டும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுடைய பெயர்கள் ஒவ்வொரு ஆவணத்திலும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். தாத்தாவின் பழைய அடையாள அட்டை, அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பெட்டியில் மறந்துபோய்க் கிடக்கும் கப்பல் பயணத் தாள் என்று எதுவாக இருந்தாலும் அம்மா வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். அதைக் குப்பையென்று யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் இருக்க இன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

எந்தத் தெரு என்று கேட்ட மனிதரைப் பற்றியும் ஒரு சொல். அதை இந்த ஊர்ப் பழக்கம், நமக்குத்தான் விளங்கவில்லை என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். இங்கே வந்து சேரும் நாம் பலவற்றுக்கு நம்மை மாற்றிக்கொள்கிறோம். தண்ணீர்க் கேனுக்குச் சொல்லி வைப்பதையும், மோட்டார் போடும் நேரத்தையும், வட்டக் கம்பி வைத்த மின்செருகியையும் பழகிக்கொள்கிறோம். அந்தக் கேள்விக்கு மட்டும் பழக வேண்டியதில்லை. அந்த வீட்டை வேண்டாமென்று எழுந்து வந்தீர்களே, அதுவே சரி. இந்த ஊரிலேயே பிறந்த எத்தனையோ பேர் அதே கேள்வியை நாள்தோறும் எதிர்கொண்டு, எழுந்து வர வேறு இடமில்லாமல் இருக்கிறார்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

சுங்கடி எழுதியது:

மதுரையில் பிறந்து, திருமணமாகி ஒன்பது ஆண்டு வாரணாசியில் குடியிருந்தவள் நான். பதிவைப் பற்றித் தண்டவாளத் தோழன் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் டிசம்பர் இறுதி ஏற்றதா என்ற கேள்வி விடுபட்டுவிட்டது. ஏற்றதன்று. டிசம்பர் பின்பாதியிலிருந்து ஜனவரி முடியும்வரை கங்கைச் சமவெளியை மூடுபனி மூடிக்கொள்கிறது. எதிரில் சைகை விளக்கே தெரியாத பனியில் வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்துதான் வரும். பல மணி நேரத் தாமதம் அங்கே அன்றாடம். ஈப்போ வெயிலில் வாழ்ந்த அறுபத்தேழு வயது அம்மா, விடியற்காலைக் குளிரில் எந்த நிலையத்திலோ நின்றுவிட்ட வண்டியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். தைப்பூசத்தை உங்கள் ஊரில் கல்லுமலைக் கோயிலிலேயே கொண்டாடிவிட்டு அம்மா புறப்பட்டு வரட்டும். மகா சிவராத்திரிக் கூட்டமும் வடிந்த பிறகு, பிப்ரவரி கடைசியில் போங்கள். இதமான வெயில் இருக்கும், கங்கையும் தெளிந்து ஓடும்.

இன்னொன்றிலும் ஐயாவோடு வேறுபடுகிறேன். போகும்போது ரயிலில் போவதில்தான் அம்மாவின் ஆசை நிறைவேறுகிறது. திரும்பும்போது விமானத்தில் வாருங்கள். நான்கு நாள் படியேறி இறங்கிய கால்கள், மறுபடி இரண்டு இரவு வண்டியைத் தாங்கா.

காசியில் இறங்கும்போது நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். வாரணாசி சந்திப்பு வேறு, முன்பு மண்டுவாடி என்றிருந்து 2021இல் பனாரஸ் என்று பெயர் மாறியது வேறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய முகல்சராய் வேறு. அங்கே தமிழுக்குக் குறைவில்லை என்று சொன்னால் அம்மா மகிழ்வார். கேதார் காட் என்னும் கங்கைப் படித்துறையில் குமரகுருபரர் நிறுவிய மடம் இருக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் கோயிலுக்கு நாள்தோறும் பூசைப் பொருள்கள் போகின்றன. அனுமான் காட் படித்துறைத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பாரதியார் இளமையில் தங்கியிருந்ததும் அந்தத் தெருக்களில்தான். கேதார் காட் பக்கமே தங்குங்கள். சந்துகளில் வண்டி நுழையாது, ஆகவே சக்கரம் வைத்த பெரிய பெட்டி வேண்டாம். தோளில் மாட்டும் பை போதும்.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் இந்தி ஒரு சொல்லும் தெரியாமல் அந்த ஊருக்குப் போனவள். முதல் ஓராண்டு, கடையில் பொருளைக் கையால் காட்டி வாங்கிவிட்டுப் பேசாமல் வந்துவிடுவேன். ஒருநாள் பால்காரம்மா, "நீ ஊமையா?" என்று சைகையில் கேட்டார். அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தினமும் அவரிடம் ஒரு பொருளைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அவருக்கு அதில் அத்தனை பெருமை. எழுதப் படிக்கத் தெரியாத அவரிடம் படித்தவள் ஒருத்தி பாடம் கேட்கிறாளே என்று பக்கத்து வீடுகளிலெல்லாம் சொல்லியிருக்கிறார். உங்கள் இட்லிக் கடை அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். நான் மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது, நீங்கள் சொல்லித் தாருங்கள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். உள்ளூர்க்காரியாக உங்களைப் பார்த்தவர்கள் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் விருந்தாளியாகப் பார்ப்பார்கள்.

கிந்தா ஆற்றங்கரை எழுதியது:

உங்கள் எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் நேற்றிரவு பேசினேன். மூடுபனியைப் பற்றிச் சொன்னதும் சற்று நேரம் யோசித்துவிட்டு, தைப்பூசத்துக்குப் பால்குடம் வேறு நேர்ந்திருக்கிறேன், முடித்துவிட்டே வருகிறேன் என்று சம்மதித்தார். பிப்ரவரி கடைசி வாரத்துக்கு, அறுபது நாள் கணக்குப்படி டிசம்பர் இறுதியில் நான் கவுன்டர் வரிசையில் நிற்பேன். அப்போது ஆதார் கையில் இருக்காது என்பதால் ஐயா சொன்ன வழியே எனக்குச் சரியான வழி. திரும்பும்போது விமானம் என்பதற்கும் அம்மா ஒப்புக்கொண்டார். தாத்தாவின் பழைய சிவப்பு அடையாள அட்டையும், என்னவென்று தெரியாத இரண்டு மடித்த தாள்களும் அலமாரித் தகரப் பெட்டியில் இருக்கின்றனவாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை முதன்முறையாகப் பேருந்தில் போனேன். முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய வண்டி. நடத்துநரிடம், "நான் மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன், எனக்கு இங்கே டிக்கெட் எடுக்கும் முறை தெரியாது" என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். பெண்களுக்கு இந்த வண்டியில் காசு இல்லை என்று சொல்லி ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தவர், நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்வரை நினைவு வைத்திருந்து, முன்னால் நகர்ந்து நிற்கும்படி குரல் கொடுத்தார்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மன்னார்குடிப் பாட்டியிடம் காசிப் பயணத்தைச் சொன்னேன். தமக்கு வேறொன்றும் வேண்டாம், ஒரு சிறு செம்பில் கங்கை நீர் மட்டும் போதும் என்றார். விமானத்தில் திரும்புவதாக இருந்தால் அதைக் கொண்டுவர முடியுமா?

சுங்கடி எழுதியது:

தாராளமாகக் கொண்டுவரலாம். விசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில், வாய் அடைத்து முத்திரையிட்ட செப்புச் செம்புகள் உள்ளங்கை அளவிலிருந்து கிடைக்கும். கையில் எடுத்துப் போகும் பையில் வைத்தால் சோதனையில் நிறுத்தக்கூடும்; அனுப்பும் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடுங்கள். அடைப்பு சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே ஒருமுறை கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக்கார அம்மாவும் கேட்பார்.